கீழுதடும் வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் 19 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். என் கிளினிக்கிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். பல் பிடுங்கவும் பல் கட்டவும் வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் கீழுதட்டைப் பார்த்துவிடுவேன். சிலருக்குப் பல்லைவிட அவசரமான வேலை அங்கேதான் இருக்கும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆளுக்கு ஆள் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ கீழுதட்டில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் 3-வது, 11-வது கேள்விகளை முதலில் படித்துவிடுங்கள்.

1. வெயிலில் தோல் கறுக்கும், தெரியும். உதடுமா கெடும்?

கெடும். முகத்தின் மற்ற இடங்களைவிட உதட்டுக்குத் தற்காப்பு குறைவு. சிவந்து தெரியும் அந்தப் பகுதியின் மேல்தோல் மிக மெல்லியது. வெயிலைத் தடுக்கும் மெலனின் நிறமி அதில் குறைவு. எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் ஏறக்குறைய இல்லை. மேலுதட்டுக்கு மூக்கின் நிழலாவது கிடைக்கிறது. கீழுதடோ வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அதனால்தான் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பாதிப்பு கீழுதட்டிலேயே வருகிறது.

கெடுப்பது சூடு அன்று, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். கடற்காற்று வீசும்போது சுடுவதே தெரியாது. கதிர் அப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கும். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை அது சிதைக்கிறது. உடம்பு பழுதுபார்த்துக்கொண்டே வந்தாலும், ஆண்டுக்கணக்கில் சிதைவு சேரச்சேரச் சில செல்கள் ஒழுங்கு தவறி வளர ஆரம்பிக்கின்றன. இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ஆக்டினிக் கைலைட்டிஸ். வெயில் உதட்டழற்சி என்று நான் சொல்வேன்.

2. ஒரே நாள் வெயிலில் வந்துவிடுமா, இல்லை வருடக்கணக்கில் ஆகுமா?

இரண்டும் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போய்வரும் இளைஞர்கள் சிலர் உதடு வீங்கி, சிவந்து, கொப்புளத்தோடு வருவார்கள். அது திடீர் வெயில் புண். நிழலில் இருந்து, குளிர்ந்த ஈரத் துணியால் ஒற்றி, வாசலின் தடவினால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

நாள்பட்டது வேறு. அது பெரும்பாலும் 40, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, சத்தமில்லாமல் வருகிறது. பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இனி இந்தப் பக்கத்தில் வெயில் உதட்டழற்சி என்று வரும் இடமெல்லாம் இந்த நாள்பட்ட வகையையே சொல்கிறேன்.

3. உதடு வெடிப்பது எல்லோருக்கும் வருவதுதானே. சாதாரண வெடிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது?

61 வயதுக்காரர் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். சிறுவயதிலிருந்து ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். கீழுதட்டின் நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக, சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு திட்டு. அதன் மேல் மெல்லிய பொருக்கு. உதட்டுச் சிவப்பு முடிந்து தாடைத் தோல் தொடங்கும் இடத்தில் எல்லோருக்கும் கோடு போட்டதுபோல ஓர் எல்லை இருக்கும். அவருக்கு அந்தக் கோடே இல்லை. உதடும் தோலும் கலந்து மங்கியிருந்தன. கையுறை போட்ட விரலால் மெதுவாக வருடினேன். உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரத்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். “இது ரொம்ப நாளாக இருக்கிறது டாக்டரம்மா. டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தால் தோல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வரும்” என்றார். ‘ரொம்ப நாள்’ என்று அவர் சொன்னது மூன்று வருடம்.

அவரிடம் கண்டவைதான் அடையாளங்கள்: மங்கிய எல்லைக்கோடு, சொரசொரப்பு, வெள்ளையோ சிவப்போ கலந்த திட்டு, உரித்தால் மறுபடி அதே இடத்தில் கட்டும் பொருக்கு. சாதாரண வெடிப்பு உதடு முழுவதும் பரவலாக இருக்கும். தண்ணீர் குடித்து, உதட்டை நக்காமல் இருந்து, வாசலின் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் அதைச் சாதாரண வெடிப்பாக எண்ண வேண்டாம்.

உடனே வரவேண்டிய நிலை ஒன்றும் இருக்கிறது. திட்டு தடித்துக் கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, குழிப்புண் ஆனாலோ, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ, தாடைக்கடியில் வலியில்லாமல் நெறி கட்டியிருந்தாலோ மூன்று வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

4. இதெல்லாம் உடம்புச் சூடு; தொப்புளில் எண்ணெய் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்கிறாரே?

என் பாட்டியும் எனக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருக்கிறார். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் போகும் வழி எதுவும் உடம்பில் கிடையாது. வறட்சிதான் பிரச்சினை என்றால் இரவில் உதட்டிலேயே தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவுங்கள், அது உதவும்.

எனக்குக் கவலை வேறு. தொப்புள் எண்ணெய் ஒரு மாதம், மோர் ஒரு மாதம், பச்சிலை ஒரு மாதம் என்று ஆறாத புண்ணோடு ஒரு வருடம் ஓடிவிடுகிறது. இன்னொன்று: எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் இறங்கினால் புற ஊதாக் கதிர் தடைபடாது. வறட்சியைப் போக்குவது வேறு, வெயிலை மறைப்பது வேறு.

5. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டும் போகவில்லை. டோஸ் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். வைட்டமின் பி, இரும்புச்சத்து குறைந்தால் பெரும்பாலும் வெடிப்பது வாயின் இரு ஓரங்கள். தளர்ந்த பல்செட் போட்டிருப்பவர்களுக்கு ஓரத்தில் எச்சில் தேங்கி, பூஞ்சை பிடித்தும் வெடிக்கும். கீழுதட்டின் நடுவில் ஒற்றைத் திட்டாக இருப்பதற்கு மாத்திரை மருந்தல்ல.

6. எனக்கு மாம்பழ சீசனில் மட்டும் உதடு அரித்துத் தோல் உரிகிறது. இதுவும் வெயில்தானா?

பெரும்பாலும் மாம்பழம்தான். மாம்பழத் தோலிலும் காம்புப் பாலிலும் இருக்கும் பிசின் சிலருக்கு ஒவ்வாமை தரும்; உதட்டைச் சுற்றியும் அரிக்கும். தோல் சீவி, துண்டு போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். லிப்ஸ்டிக், புது டூத்பேஸ்ட் இவற்றாலும் இப்படி வரும், நிறுத்தினால் நிற்கும்.

சுருக்கென்று குத்தி, மறுநாள் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து, பத்து நாளில் தானே ஆறுவது ஹெர்ப்பீஸ் வைரஸ். அதையும் வெயில் கிளப்பிவிடும் என்பதால் பலர் குழம்புகிறார்கள். வந்து போவதா, வந்த இடத்திலேயே நிற்பதா என்று பாருங்கள். பாதி குழப்பம் அதிலேயே தீரும்.

7. நாம் மாநிறம், கறுப்பு. இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய்தானே?

வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதிகம் வருகிறது என்பது உண்மை. நமக்கு மெலனின் கூடுதல் என்பதால் ஆபத்து குறைகிறது, இல்லாமல் போவதில்லை. வருடம் முழுவதும் வெட்டவெளியில் வேலை செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. உதட்டில் வெண்புள்ளி விழுந்து நிறம் போனவர்களும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும் மற்றவர்களைவிடப் பலமடங்கு கவனமாக இருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து தொங்கும் அமைப்பு உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன்.

8. நான் கடலுக்கெல்லாம் போவதில்லை. டூ வீலரில் டெலிவரி வேலை. அதுவும் மழைக்காலம், மார்கழி என்றால் பயமில்லையே?

டிராஃபிக் போலீஸ், கட்டட வேலை, நடைபாதை வியாபாரம், டெலிவரி எல்லாம் இதே கணக்கில்தான் வரும். கடலில் கூடுதலாக ஒன்று: கீழிருந்தும் கதிர் வரும். உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. தொப்பி அதைத் தடுக்காது.

மாதத்தை நம்பாதீர்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கும் நேரம். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழி நண்பகலில்கூட நம் ஊரில் நிழல் ஆளைவிடக் குட்டைதான். டெலிவரி வேலையில் இருப்பவர்கள் முகம் மூடும் ஹெல்மெட் வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

9. மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டால் இரண்டே நாளில் சிவப்பு போகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. தொடர்ந்து போடலாமா?

தயவுசெய்து நிறுத்துங்கள். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று எதுவாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. அழற்சியை அமுக்கிவிடுவதால் சிவப்பு மறையும். உள்ளே செல்கள் மாறிக்கொண்டிருந்தால் அது தெரியாமல் போகும். மெல்லிய உதட்டுத் தோல் இன்னும் மெலியும், பூஞ்சையும் சேரும்.

3-வது பதிலில் சொன்ன பெரியவரும் இப்படி ஒரு டியூபை ஏழு மாதம் போட்டிருந்தார். பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார், அடிவரை சுருட்டிப் பிதுக்கிய டியூப். ஏழு மாதத்தில் ஒருமுறையாவது யாராவது அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஸ்டீராய்டு தேவைப்படும் உதட்டு நோய்கள் உண்டு. அதை மருத்துவர் பார்த்து எழுதட்டும். எங்கே போனாலும் அந்த டியூபை எடுத்துப் போங்கள்.

10. இதற்குப் பல் டாக்டரா, தோல் டாக்டரா? சோதனையில் என்ன செய்வார்கள்?

இருவரும் பார்ப்போம். தோல் மருத்துவர், வாய் மருத்துவம் படித்த பல் மருத்துவர் யாராக இருந்தாலும் சரி. அரசு மருத்துவமனைக்குத்தான் போக முடியும் என்றால் எங்கள் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் சென்ட்ரல், கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கின்றன.

முதலில் கேள்விகள்: என்ன வேலை, எத்தனை வருடம் வெயிலில், பீடி சிகரெட் உண்டா, என்னென்ன மாத்திரை. பிறகு லிப்ஸ்டிக், களிம்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது, விரலால் வருடுவது, இரண்டு விரலால் பிடித்துத் தடிப்பு பார்ப்பது, கழுத்தில் நெறி தேடுவது. அனுபவமுள்ள கைக்கு இதிலேயே பெரும்பகுதி தெரிந்துவிடும். சந்தேகமான இடம் இருந்தால் பயாப்சி, அதாவது ஆய்வகச் சோதனைக்காகக் கொஞ்சம் சதை எடுப்பது.

11. பயாப்சி எடுத்தால், கத்தி பட்டால், பரவிவிடும் என்கிறார்களே?

இந்த ஒரு பயத்தால் தாமதித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயாப்சியால் உதட்டுப் புற்றுநோய் பரவும் என்பது உண்மையல்ல. இப்படி ஒரு பேச்சு எப்படி வந்தது என்பதை யோசித்தால் புரியும்: முற்றிய பிறகு வருகிறார்கள், பயாப்சி எடுக்கிறார்கள், அடுத்த சில மாதத்தில் நோய் பெருகுகிறது. பார்ப்பவர்களுக்குக் கத்திதான் காரணமாகத் தெரிகிறது. காரணம் அதற்கு முன் போன மாதங்கள்.

செய்வது இதுதான். பல் பிடுங்கப் போடும் அதே மரத்துப்போகும் ஊசி. ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும், பிறகு வலி இல்லை. பேனா மூடி அளவு கருவியால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் வட்டமாகச் சதை எடுப்போம், ஒரு மிளகைவிடச் சின்னது. எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம்: எங்கே அதிகம் தடித்திருக்கிறதோ, எங்கே புண்ணாகியிருக்கிறதோ அங்கே. ஒன்றிரண்டு தையல். ஃபார்மலின் பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வரும். அந்தப் பெரியவர் ஊசி போட்ட பிறகு, “மீன் முள் குத்தினால் இதைவிட வலிக்கும்” என்றார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு வரவேண்டாம்.

12. ரிப்போர்ட்டில் டிஸ்பிளேசியா என்று இருக்கிறது. அடையாறுக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சென்னையில் ‘அடையாறு’ என்றாலே புற்றுநோய் என்று பொருளாகிவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மையம் அங்கே இருப்பதால் வந்த வழக்கு அது. டிஸ்பிளேசியா என்பது புற்றுநோய் அல்ல. செல்கள் ஒழுங்கு மாறியிருக்கின்றன, ஆனால் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடித்தளப் படலத்தைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை என்று பொருள். லேசானது, நடுத்தரம், தீவிரம் என்று மூன்று படியாக எழுதியிருப்பார்கள். தீவிரம் என்றிருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

தாண்டி இறங்கியிருந்தால் அது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற புற்றுநோய். முகத்தின் மற்ற இடத்துத் தோலில் வருவதைவிட உதட்டில் வரும்போது கழுத்து நெறிகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுதல். சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் அறுவை சிகிச்சையிலோ கதிர்வீச்சிலோ பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அடையாறுக்கோ வேறு எந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்பினால் தாமதிக்காமல் போங்கள்.

13. சிகிச்சை என்றால் ஆபரேஷன்தானா?

எல்லோருக்கும் இல்லை. வறட்சியும் லேசான சொரசொரப்பும் மட்டும் என்றால் வெயிலை மறைத்து, ஈரப்பதம் காத்து, சில மாதம் கண்காணிப்போம். தனியாக ஒரு சிறு திட்டு என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறை இருக்கிறது. மைனஸ் 196 டிகிரி குளிர். சில விநாடி வேலை, பிறகு கொப்புளித்துப் பொருக்காகி ஆறும். நம் நிறத்தில் அந்த இடம் வெளுத்துப்போகலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

உதடு முழுக்கப் பரவியிருந்தால் ஒரு புள்ளியை மட்டும் சரிசெய்து பயனில்லை. 5 சதவீத ஃப்ளூரோயுராசில் களிம்பு இரண்டு முதல் நான்கு வாரம் போடுவது ஒரு வழி. இமிகிமோட் களிம்பு இன்னொன்று. மருந்து பூசி ஒளி பாய்ச்சும் முறையும் உண்டு. கர்ப்பிணிகள் ஃப்ளூரோயுராசிலைத் தொடவே கூடாது.

டிஸ்பிளேசியா தீவிரமாக இருந்தாலோ, களிம்பு கேட்கவில்லை என்றாலோ கார்பன் டை ஆக்சைடு லேசரால் மேற்படலத்தை எரித்து எடுப்பார்கள், அல்லது உதட்டின் சிவந்த பகுதியை மெல்லிதாகச் சீவி எடுத்துவிட்டு உள்பக்கச் சதைப் படலத்தை முன்னே இழுத்துத் தைப்பார்கள். லேசரில் சதை ஆவியாகிவிடுவதால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அதற்கு முன் பயாப்சி கட்டாயம். சீவி எடுப்பதில் எடுத்த முழுப் பட்டையையும் சோதிக்கலாம். சந்தேகம் அதிகமுள்ள உதட்டுக்கு அதைத்தான் நான் விரும்புவேன். சில மாதம் உதடு இழுத்ததுபோலவும் மரத்ததுபோலவும் இருக்கும். முன்பைவிட மெல்லிதாகத் தெரியலாம்.

14. களிம்பு போட ஆரம்பித்துப் பத்து நாளில் உதடு முன்பைவிட மோசமாகிவிட்டது. நிறுத்திவிட்டேன். சரிதானே?

ஃப்ளூரோயுராசில் என்றால் அது அப்படித்தான் செய்யும். கெட்டுப்போன செல்களைத் தேடி அழிக்கும் மருந்து அது. கண்ணுக்குத் தெரியாமலிருந்த இடங்களும் சேர்ந்து சிவந்து, புண்ணாகி, பொருக்குக் கட்டும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் உச்சம். மருந்தை முடித்ததும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும். இதை முதல் நாளே விளக்கமாகச் சொல்லாதது எங்கள் பக்கத்துக் குறை. காரக் குழம்பு, ஊறுகாய், கொதிக்கும் காபி இவற்றை அந்த நாட்களில் தள்ளிவைத்து, கஞ்சி, இட்லி, தயிர்சாதம் என்று ஓட்டுங்கள்.

சாப்பிடவே முடியவில்லை, சீழ் வைக்கிறது, காய்ச்சல் என்றால் போன் செய்துவிட்டு உடனே வாருங்கள். நிறுத்துவதா, இடைவெளி விடுவதா என்பதை எழுதிக்கொடுத்தவர் முடிவு செய்யட்டும்.

15. ஆண்கள் லிப் பாம் போடலாமா? எதை வாங்குவது?

போடலாம். நிறமும் மணமும் இல்லாதது கிடைக்கிறது. போட்டிருப்பது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. உறையில் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30 அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். புற ஊதா பி கதிரில் 15 என்பது சுமார் 93 சதவீதத்தையும், 30 என்பது சுமார் 97 சதவீதத்தையும் தடுக்கும். ஜிங்க் ஆக்சைடு உள்ளது நல்லது. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள்; சாப்பிட்டாலும் டீ குடித்தாலும் மறுபடி.

கடலில் இது நிற்காது என்று மீனவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் எப்படியும் தலையில் துண்டு கட்டுகிறார்கள். அதே துண்டை மூக்குக்குக் கீழே சுற்றி வாயை மறைத்துக் கட்டச் சொல்கிறேன். இருபது ரூபாய் செலவுகூட இல்லை.

16. பீடியை விட்டுவிட்டால் வெயிலில் போகலாமா?

விடுங்கள், ஆனால் பீடியை விடுவது வெயிலை மறைப்பதற்கு ஈடல்ல. புகையிலையும் வெயிலும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. ஒன்றை விட்டால் ஒன்று மிச்சம் இருக்கிறது. உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் புகையிலை உட்புறத்தைக் கெடுக்கும். வாயின் உள்ளே வெள்ளைப் படலம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

17. அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். உதட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டர் ஏன் கேட்டார்?

ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மருந்து பல பிரஷர் மாத்திரைகளில் கலந்திருக்கும். அது வெயிலுக்குக் கூச்சம் உண்டாக்கும். நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கு உதட்டுப் புற்றுநோய் அதிகமாக வருவதாகவும் கண்டிருக்கிறார்கள். டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கும் வெயில் கூச்சம் தரும். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும். உதட்டில் மாற்றம் இருக்கிறது என்று எழுதித் தந்து, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேட்கச் சொல்வேன்.

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த நோய் வேகமாக மாறக்கூடும். அவர்கள் மூன்று வாரக் கணக்கு பார்க்காமல் உடனே காட்டட்டும்.

18. பயாப்சியில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆறு மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி புண். ரிப்போர்ட் தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. 4 மில்லிமீட்டர் சதை அந்த 4 மில்லிமீட்டரைப் பற்றித்தான் சொல்லும். வெயில் பட்டது முழு உதட்டிலும். ஓரிடத்தில் லேசாகவும் ஒரு விரல் தள்ளித் தீவிரமாகவும் இருக்கலாம். அதனால் புதிய இடத்திலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இதே காரணத்தால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம்.

அந்தப் பெரியவருக்கு வந்தது நடுத்தர டிஸ்பிளேசியா. களிம்பு நான்கு வாரம் போட்டார், உதடு ஆறியது. இன்னும் கடலுக்குப் போகிறார், துண்டை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. அவருடைய மகள் மாதம் ஒருமுறை, காலையில் ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, கீழுதட்டை ஒரே தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுத்துவைக்கிறார். அவர் அடுத்த முறை வரும்போது அந்தப் படங்களைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே எடுத்துவைத்து, பழைய ரிப்போர்ட்டோடு கொண்டுவாருங்கள்.